பீரோவுக்குள் ஒரு போர்தோ

பள்ளிபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. விசைத்தறி வைத்திருக்கிறார். துண்டு, மேசை விரிப்பு, திரைச்சீலை என்று கொஞ்சம் ஏற்றுமதியும் உண்டு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், அவரிடம் சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்தபோது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போர்தோ. சிவப்பு ஒயின். கேபர்னே சாவிஞான் என்கிற திராட்சையைப் பிரதானமாக வைத்துச் செய்தது. இப்போது திறக்காதே, பத்து வருடமாவது வைத்திரு என்று ஓர் உத்தரவும் கூடவே வந்தது.

நண்பர் குடிக்கிற ஆசாமி இல்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். மாடியறை பீரோவில், பட்டுப்புடைவைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பூட்டிவிட்டார். கீழே தறிகள். மேலே மொட்டை மாடி.

போன மாதம் போன் செய்தார். "ஏனுங்ண்ணா, அதைய இப்பத் தொறக்கலாமுங்களா? இல்ல, வெல கிது ஏறியிருக்குமுங்களா?"

இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் படித்தது பி.காம்.

இந்தக் கேள்வி பள்ளிபாளையத்திலிருந்து வந்ததில் ஒரு விசேஷம் இருக்கிறது. 1937 அக்டோபர் 1-ம் தேதி சென்னை மாகாணத்தில் முதல்முதலாக மதுவிலக்கு வந்தது. மாகாணம் முழுக்க அல்ல, ஒரே ஒரு மாவட்டத்தில். அது சேலம். அன்றைக்கு நாமக்கல், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் எல்லாமே சேலம் ஜில்லாதான். காவிரிக்கு அந்தக் கரையில் இருக்கிற ஈரோடு கோயமுத்தூர் ஜில்லா. ஆகவே சட்டம் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. இக்கரையில் கள் குற்றம். அக்கரையில் கள் வியாபாரம்.

கொண்டுவந்தவர் ராஜாஜி. திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் ஆசிரமம் போட்டு உட்கார்ந்தவர். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் உதவிக்கு இருந்தவர் கல்கி. கள் வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் கடையில் பில்லோடு சேர்த்துக் கட்டுகிற வரிக்குக் கள்ளுப்பானை ஒருவகையில் தாத்தா முறை. எங்கள் வணிகவியல் பாடப் புத்தகத்தில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் மார்க் வாங்கியிருப்பேன்.

கள்ளின் குணத்தை யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்பு தடவாத பானையில் இறங்கினால் சில மணி நேரத்தில் கள். மறுநாள் புளித்துப் போகும். அதற்கு மறுநாள் காடி. வைத்திருந்து குடிக்கவே முடியாது. அன்றைய கூலி, அன்றைய கள், அன்றைக்கே தீர்ந்தது கணக்கு. நெசவாளி வீட்டு அடுப்பு எரியாமல் போனதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம். 2003-லிருந்து டாஸ்மாக் நேரடியாக விற்கிற பாட்டில்களும் பெரும்பாலும் இதே அவசர ஜாதிதான். கரும்பு ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய சாராயத்தில் சாயமும் வாசனையும் சேர்த்தது. பூட்டிவைத்தால் கெடாது, ஆனால் உயரவும் உயராது. நூறு வருடம் கழித்துத் திறந்தாலும் அதே பிராந்திதான்.

ஒயின் வேறு ரகம். அதிலும் சில ஒயின்கள் மட்டும். அவற்றுக்குக் காலமும் ஒரு மூலப்பொருள்.

தமிழனுக்கு இது புதுச் செய்தி இல்லை. யவனர்கள் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றிலேயே இருக்கிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடியது. புதுச்சேரி அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்தக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. இரண்டு காது வைத்த நெடிய மண்சாடிகள். ஒயின் கசியாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூச்சு. கிரேக்கத் தீவான கோஸ் பாணியில் செய்த சாடிகளும் அவற்றில் உண்டு.

ரோமானியர்களுக்கு ஒயினைக் கிடப்பில் போடுகிற கலை தெரிந்திருந்தது. கி.மு. 121-ல் ஒபிமியஸ் என்பவர் ஆட்சித் தலைவராக இருந்த வருடத்தில் விளைந்த ஒயின் அவர்களிடையே பெரிய பேச்சு. ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து பிளினி எழுதும்போதுகூடக் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம், கசக்கிற தேன் பதத்தில். அப்புறம் சாடி போய் மரப்பீப்பாய் வந்தது. பீப்பாயில் காற்றுப் புகும். ஒயின் ஒரு வருடத்துக்குள் கெட ஆரம்பித்துவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்குப் பழைய ஒயின்தான் மலிவு, புது ஒயின்தான் விலை. கிட்டத்தட்ட நம்ம கள்ளுக்கடை நிலவரம்.

மாற்றியது ஓர் ஆச்சரியமான கூட்டணி. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் செய்த கெட்டியான கண்ணாடி பாட்டில், கூடவே தக்கை. 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் பாட்டில் நேரான உருளை வடிவத்துக்கு வந்துவிட்டது. அதனால் என்ன என்கிறீர்களா? படுக்க வைக்கலாம். படுத்தால் ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். நனைந்த தக்கை சுருங்காது. சுருங்காவிட்டால் காற்றுக்கு வழியில்லை. நிலவறை என்கிற சமாசாரம் பிறந்தது இப்படித்தான்.

லாபம் பார்த்தது பிரான்சின் போர்தோ. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன், ஒயின்களைத் தரம் பிரித்துக் கொடுங்கள் என்றான். போர்தோ தரகர்கள் என்ன செய்தார்கள்? உட்கார்ந்து ருசி பார்த்தார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பழைய விலைக் கணக்கைப் பார்த்தார்கள். எது நெடுங்காலமாக அதிக விலைக்குப் போகிறதோ அது முதல் தரம். லஃபீட், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் என்று நான்கு பண்ணைகள். நூற்றுப் பதினெட்டு வருடம் கழித்து, 1973-ல் மூட்டான் ரோத்ஷீல்ட் ஐந்தாவதாக மேலே ஏறியது. அவ்வளவுதான் மாற்றம். பேரேடு எழுதிய தீர்ப்பு இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

இங்கே கேபர்னே பற்றி இரண்டு வார்த்தை. சின்னப் பழம், தடித்த தோல். இதன் பூர்வீகம் தெரியாமலே உலகம் முழுக்க நட்டுக்கொண்டிருந்தார்கள். 1990-களில்தான் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணு சோதித்துச் சொன்னார்கள்: கேபர்னே ஃப்ராங்க் என்கிற கறுப்புத் திராட்சையும் சாவிஞான் ப்ளாங்க் என்கிற வெள்ளைத் திராட்சையும் பெற்ற பிள்ளை. தோலும் விதையும் கொடுக்கிற சத்து டானின். வெள்ளைக்காரர்கள் இதை விவரிக்கப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நமக்கு ஒரே சொல். துவர்ப்பு. கொட்டைப்பாக்கைக் கடித்தால், வாழைப்பூவைப் பச்சையாக மென்றால், நாக்கை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்குமே, அதுதான். நம் அறுசுவையில் அதற்குத் தனி நாற்காலியே உண்டு.

இளம் கேபர்னேயைக் குடித்தால் முகம் கோணும். சரியாகப் பழுக்காத திராட்சை என்றால் குடைமிளகாய் வாசனைகூட அடிக்கும். பாட்டிலுக்குள் வருடங்கள் போகப் போக டானின் ஒன்றோடொன்று கூடிக் கனத்து, மண்டியாக அடியில் தங்கிவிடும். துவர்ப்பு அடங்கும். அதுவரை ஒளிந்திருந்த வாசனைகள் எழுந்து வரும். அதனால்தான் பழைய பாட்டிலைத் திறந்தால், நம் பாட்டிமார் புளிக்கரைசலில் தெளிவு இறுக்கிற மாதிரி மெல்லச் சாய்த்து வேறு ஜாடிக்கு மாற்றுகிறார்கள். அப்புறம் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்ப்பார்கள். இளசு என்றால் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். வயசானால் செங்கல் நிறம். சுழற்றி முகர்வார்கள். கடைசியில்தான் வாய்.

ஆக, போர்தோக்காரர்களின் கௌரவம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று 1855-ன் பேரேடு. இரண்டு, எங்கள் ஒயின்தான் காலத்துக்குத் தாங்கும் என்கிற பெருமை. இரண்டையும் ஒரு கடைக்காரர் ஆட்டிப் பார்த்தார்.

ஸ்டீவன் ஸ்பரியர் என்கிற ஆங்கிலேயர். பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்தார். 1976 மே 24 அன்று, அமெரிக்க சுதந்திரத்தின் 200-வது வருடத்தைச் சாக்கிட்டு ஒரு போட்டி வைத்தார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எல்லாரும் பெரிய தலைகள். பாட்டிலின் அடையாளம் தெரியாதபடி ருசி பார்க்க வேண்டும். சிவப்பில் பத்து. கலிஃபோர்னியா கேபர்னே ஆறு, போர்தோ நான்கு. முடிவு தெரிந்த விஷயமாயிற்றே என்று பத்திரிகைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 'டைம்' நிருபர் ஜார்ஜ் டேபர் மட்டும் போயிருந்தார். பத்திரிகைக்காரனாக எனக்கு அவர்மேல் இன்றைக்கும் பொறாமை.

முதலிடம், ஸ்டாக்ஸ் லீப் 1973. கலிஃபோர்னியா. செய்தவர் வாரன் வினியார்ஸ்கி, அதற்கு முன்னால் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். திராட்சைக் கொடிகளுக்கு வயசு மூன்றோ என்னமோ. இரண்டாவது இடம்தான் மூட்டான் 1970-க்கு. வெள்ளை ஒயினிலும் கலிஃபோர்னியாதான் ஜெயித்தது. ஒடெட் கான் என்கிற நடுவர், நான் போட்ட மார்க்கைத் திருப்பிக் கொடு என்று ஸ்பரியரிடம் மல்லுக்கு நின்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன பதிலை நீங்களே ஊகிக்கலாம். இளசில் எல்லாம் அழகுதான். எங்கள் ஒயின் குழந்தை, இப்போதே மார்க் போட்டால் எப்படி? இருபது வருடம் போகட்டும், பார்க்கலாம்.

நியாயமான வாதம்தான். பத்து வருடம் போனது. 1986-ல் அதே பட்டியலை மறுபடி ருசித்தார்கள். முதலிடம் க்ளோ டு வால் 1972, கலிஃபோர்னியா. இன்னும் இருபது வருடம் போனது. 2006 மே 24, லண்டனிலும் நாபா பள்ளத்தாக்கிலும் ஒரே நாளில். ஒயின்களுக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே. முதலிடம் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. முப்பது வருடம் முன்னால் பாரிஸில் ஐந்தாவதாக வந்த அதே ஒயின். காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். காலம் வந்து எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

நம்ம ஊருக்கு வருவோம். பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் என்கிற மும்பைத் தொழிலதிபர் 1980-களில் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை நட்டுப் பார்த்தார். சுமார் 3,000 அடி உயரம், குளிர்ந்த இரவு. போர்தோவிலிருந்து மிஷேல் ரோலாண்ட் வந்து ஆலோசனை சொன்னார். கேபர்னேயும் ஷிராஸும் கலந்த 'லா ரிசர்வ்' அங்கே பிறந்தது. 2005-ல் 'டிகாண்டர்' பத்திரிகையில் புது உலகத்துச் சிவப்பு ஒயின்களில் அதுதான் சிறந்தது என்று தேர்ந்தெடுத்தவர் யார் என்கிறீர்கள்? அதே ஸ்பரியர். 2021-ல் காலமானார்.

ஆனாலும் நம் பக்கத்தில் திராட்சை விளைவதல்ல சங்கடம், பாட்டில் காத்திருப்பதுதான். நிலவறைக்கு வேண்டியது 12, 13 டிகிரி குளிர், வருடம் முழுக்க ஏறாமல் இறங்காமல். இருட்டு. அசையாத இடம். பள்ளிபாளையத்துச் சித்திரையில் நாற்பதைத் தொடுகிற வெயில். கீழே தறியின் தடதட. போர்தோவில் பூமி இலவசமாகக் கொடுக்கிற குளிரை இங்கே மின்சார வாரியத்துக்குப் பணம் கட்டி வாங்க வேண்டும். அதோடு முடக்குகிற முதல். போர்தோவில் ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே வியாபாரிகள் பணம் கட்டிவிடுவார்கள். பாட்டில் கைக்கு வர இரண்டு வருடம். குடிக்க இன்னும் பத்து, இருபது. வட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொறுமை என்று அவர்கள் சொல்வதை எங்கள் பாடத்தில் நடைமுறை மூலதனம் என்போம். வாரக்கூலிக்குத் தறி ஓட்டுகிறவனிடம் அது கிடையாது. அவன் குடிப்பது அன்றைக்கே தீர்கிற சரக்கு. ராஜாஜியின் சட்டமும் அவனைப் பார்த்துத்தான் போடப்பட்டது.

பணம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787-ம் வருடத்து லஃபீட் பாட்டில் ஒன்று 1,05,000 பவுண்டுக்குப் போனது. ஜெஃபர்சனுடையது என்று சொல்லி விற்றார்கள். எடுத்தது அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் குடும்பம். கண்காட்சியில் விளக்கு போட்டு நிற்க வைத்தார்கள். விளக்குச் சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது. பிற்பாடு பாட்டிலே போலி என்று பலத்த சந்தேகம் கிளம்பியது தனிக்கதை.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் போனேன். நண்பர் பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்தார். கழுத்து வரை இருந்திருக்க வேண்டிய ஒயின் தோள் வரைதான் இருந்தது. தக்கை பாதியில் பொடிந்தது. ஊற்றினால், ஆறிப்போன டீ நிறம். முகர்ந்தேன். காய்ச்சின புளி, கூடவே நெயில் பாலீஷ். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். காடிதான், சந்தேகமே இல்லை.

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கே குடிச்சிருக்கோணுமுங்களா?"

"அன்னிக்குக் குடிச்சிருந்தா துவர்த்திருக்கும்" என்றேன்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். கோப்பையைக் கண்டுகொள்ளவில்லை. பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்குதுங். மணி பிளான்ட்டு வெச்சுக்கறனுங்" என்று கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.