பிராட்காம் வைஃபையும் லினக்ஸும்: ஒரு சின்ன வரலாறு

2005 வாக்கில் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பார்த்த பலருக்கு ஒரே தலைவலி. திரை வரும், பாட்டு கேட்கும், வைஃபை மட்டும் வராது. காரணம், பல லேப்டாப்களில் இருந்த பிராட்காம் சிப். ஆப்பிள் 2003-இல் கொண்டுவந்த ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் அட்டையிலும் அதே குடும்பத்து சிப்தான். அதன் உள்விவரங்களை பிராட்காம் வெளியிடவில்லை.

முதலில் கிடைத்த குறுக்குவழி என்டிஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட வைக்கும் மென்பொருள் அது. ஆனால் இன்டெல் வகை பிராசசர்களில்தான் அது உதவியது. பவர்பிசி பிராசசர் கொண்ட ஆப்பிள் கணினிகளில் பயனில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஓடியதே லினக்ஸ்தான்! அந்த ரவுட்டர்களின் பிராட்காம் டிரைவர் மூலநிரல் இல்லாமல் பைனரியாக மட்டும் கிடைத்தது. தன்னார்வலர்கள் அதைப் பிரித்துப் படித்தார்கள். நகலெடுத்ததாகப் பழி வரக்கூடாது என்பதால் இரண்டு குழுக்கள். ஒரு குழு பைனரியைப் படித்து, சிப் எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைத்தது. மற்றொரு குழு பைனரியைத் தொடாமல், அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் என்ற அந்த டிரைவர் 2006 ஜூனில் வந்த 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. 2008-இல் பி43 அதன் இடத்துக்கு வந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேரை ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் ஏற்ற வேண்டும். அது பிராட்காமின் சொத்து, பிறர் விநியோகிக்க உரிமம் இல்லை. அதனால் பிறந்தது எஃப்டபிள்யூகட்டர். இந்தக் கருவியில் ஃபர்ம்வேர் கிடையாது. நிறுவனம் கொடுத்த டிரைவர் கோப்பை நீங்கள் கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துத் தரும், அவ்வளவுதான். அந்தக் கோப்பை இறக்க நெட் வேண்டும், நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும்! கடைசியில் கேபிளைத் தேட வேண்டியதுதான்.

2009-இல் இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தில் ஓப்பன்எஃப்டபிள்யூடபிள்யூஎஃப் என்ற திறந்த ஃபர்ம்வேரையே எழுதினார்கள். ஆனால் அது சில பழைய சிப்களுக்கு மட்டும்தான். 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சிப்களுக்குத் திறமூல டிரைவர் வெளியிட்டது. அதன் ஃபர்ம்வேர் அப்போதும் பைனரிதான். ஆனால் விநியோகிக்க அனுமதி இருந்தது, அதனால் வெட்டும் வேலை இல்லை.

டெபியன் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவல் வட்டிலேயே மூடிய ஃபர்ம்வேர்களைச் சேர்த்தது. பி43-க்கான ஃபர்ம்வேர் அதிலும் இல்லை, உரிமம் இல்லாததால்.

பூட்டிய டிரைவரைக்கூட அறிவால் திறக்க முடிந்தது. "பிறருக்குக் கொடுக்கலாம்" என்ற ஒரு வரி அனுமதியை மட்டும் எந்தத் திறமையாலும் எழுதிக்கொள்ள முடியவில்லை. அதை நிறுவனம்தான் எழுத வேண்டியிருந்தது.