செருகி ஒன்றானால் போதுமா? வட அமெரிக்க மின்கார்களும் மின்னேற்ற வலையமைப்பின் அணுகல் உரிமையும்

வட அமெரிக்காவில் மின்கார்களின் செருகிச் சண்டை ஓய்ந்துவிட்டது என்பது 2023 முதல் பரவலான கருத்து. டெஸ்லா தன் இணைப்பானின் வடிவமைப்பை 2022 நவம்பரில் பிறருக்குத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபோர்டும் ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸும் அதை ஏற்பதாக அறிவித்தன. மற்றவர்கள் வரிசையாக வந்து சேர்ந்தனர். வாகனத் தரங்களை வகுக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பு அதற்கு ஜே3400 என்று எண்ணிட்டது. ஆனால் எந்தக் கார் எந்த நிலையத்தில் மின்சாரம் பெறலாம் என்பதைச் செருகி மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விரைவு மின்னேற்றத்தில் செருகியதும் முதலில் போவது மின்சாரம் அல்ல, தகவல். மின்கலம் எத்தனை வோல்ட் தாங்கும், எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று காரும் மின்னேற்றியும் பேசி முடித்த பிறகுதான் வேலை தொடங்கும். இதற்கு டெஸ்லா நெடுங்காலம் தனக்கென்று ஒரு நெறிமுறை வைத்திருந்தது. பிறருக்குத் திறந்தபோதோ, போட்டி முறையான சி.சி.எஸ்.ஸின் நெறிமுறையையே எடுத்துக்கொண்டது. ஆக, வடிவத்தில் வென்றது டெஸ்லா. பேச்சில் வென்றது சி.சி.எஸ். இரண்டாவது வெற்றி அதிகம் பேசப்படவில்லை, முக்கியமானது அதுதான். டெஸ்லாவின் விரைவு மின்னேற்றிகளான சூப்பர்சார்ஜர்களில் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவற்றில் ஃபோர்டு காருக்குச் செருகி பொருந்தினாலும் மின்சாரம் ஏறாது. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது பழைய நெறிமுறை மட்டுமே.

நெறிமுறை பொருந்தினாலும் அனுமதி வேண்டும். ஃபோர்டு கார்களுக்கு 2024 பிப்ரவரி இறுதியில் கதவு திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு செப்டம்பரில்தான். இரண்டுமே செருகி மாற்றியை (அடாப்டர்) வைத்து அதே நிலையங்களில் செருகுபவை. இந்த இடைவெளிக்குச் செருகியைக் குறை சொல்ல வழியில்லை. (இடையில் ஏப்ரல் இறுதியில் டெஸ்லா தன் சூப்பர்சார்ஜர் குழுவையே பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பியது.) அனுமதி கிடைத்தவர்களுக்கும் சிக்கல் தீரவில்லை. டெஸ்லா கார்களில் மின்னேற்ற வாய் இடப்பக்கப் பின்மூலையில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை நிலையத்தின் கேபிள் அதற்கு அளவெடுத்தது. வாய் வேறிடத்தில் இருக்கும் கார் பக்கத்து இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

2012 முதல் சொந்த முதலீட்டில் வளர்த்த வலையமைப்பை டெஸ்லா ஏன் பகிர வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பிற நிறுவனக் கார்களுக்கு அது கூடுதல் கட்டணம் வாங்குவதிலும் தவறில்லை என்பேன். கூடுதல் விலை வேறு, கதவடைப்பு வேறு. நெடுஞ்சாலையில் நல்ல இடங்கள் சிலவே. முதலில் வந்தவர் கையில் அவை சிக்கிவிட்டால் பின்னால் வருபவர்களின் போட்டி பெயரளவில்தான்.

அணுகலை உறுதிசெய்ய அரசு விதிகள் இல்லாமல் இல்லை. 2023 பிப்ரவரியில் வெளியான அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் உறுப்பினராகாமலே அட்டையில் பணம் செலுத்தும் வசதியையும் 97 விழுக்காடு இயங்குநேரத்தையும் கட்டாயமாக்கின. ஆனால் அரசுப் பணம் பெற்ற நிலையங்களுக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இலேயே செருகியை வரையறுத்தும், கட்டண வழியைப் பல காலம் நிறுவனங்களிடமே விட்டிருந்தது. 2024 ஏப்ரல் 13 முதல் நடப்பிலுள்ள ஒழுங்குமுறை அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது: 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள புதிய பொது நிலையம் ஒவ்வொன்றும், யார் பணத்தில் கட்டப்பட்டாலும், வங்கி அட்டையை ஏற்க வேண்டும். கடமையை மானியத்தோடு கட்டாமல் பொதுப் பயன்பாட்டோடு கட்டும் இந்த வழியே அமெரிக்காவுக்கும் பொருந்தும். நெறிமுறைப் பொருத்தத்தையும் அதே கடமையில் சேர்க்கலாம்.