முகூர்த்தப் புடவை

முகூர்த்தப் புடவை என்பது தமிழர் திருமணங்களில் தாலி கட்டும் வேளையில் மணமகள் உடுத்தும் புடவையைக் குறிக்கும். இது கூறைப் புடவை எனவும், இலங்கைத் தமிழரிடையே கூறைச் சேலை எனவும் அழைக்கப்படுகின்றது. திருமணச் செலவுகளில் நகைக்கு அடுத்து அதிகம் ஆராய்ந்து வாங்கப்படும் பொருள்களில் இதுவும் ஒன்றாகும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் துணிகளின் விலை பல மடங்கு வேறுபடுவதால், துணி, நெசவு, சரிகை ஆகிய மூன்றையும் தனித்தனியே அறிந்துகொள்வது பயனுடையது.

துணி வகைகள்

* தூய பட்டு: பாவு, ஊடை ஆகிய இரண்டும் முசுக்கொட்டைப் பட்டு நூலால் ஆனவை. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் ஆகியவை தமிழ்நாட்டின் முக்கிய நெசவு மையங்கள். காஞ்சிபுரம் பட்டு 2005-06 ஆம் ஆண்டிலும், திருபுவனம் பட்டு 2019 இலும் புவிசார் குறியீடு பெற்றன.
* மென்பட்டு: மெல்லிய நூலால் எடை குறைவாக நெய்யப்படுவது. நீண்ட நேரம் உடுத்த எளிது. ஆனால் கனத்த பட்டைப் போல் மடிப்பு நிற்பதில்லை.
* பட்டுப்பருத்தி: பட்டு நூலும் பருத்தி நூலும் கலந்தது. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு இவ்வகைப் புடவைகளுக்குப் பெயர் பெற்றது.
* செயற்கைப்பட்டு: ரேயான் அல்லது பாலியெசுட்டர் இழைகளால் விசைத்தறியில் நெய்யப்படுவது. விலை குறைவு; பளபளப்பு மிகுதி. பாலியெசுட்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதால் ஓமத் தீயின் அருகில் நெடுநேரம் அமர்வோருக்கு ஏற்றதன்று. வெப்பத்தில் உருகக்கூடியது என்பதும் கவனிக்கத்தக்கது.

நெசவு

காஞ்சிபுரம் நெசவின் தனித்தன்மை கோர்வை முறையாகும். இதில் உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி ஊடை நூல்கள் மூன்று நாடாக்களின் வழியே செலுத்தப்பட்டு, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்கு நெசவாளருடன் ஓர் உதவியாளரும் தேவை. இதனாலேயே உடலும் கரையும் முற்றிலும் வேறான நிறங்களில் அமைகின்றன. முந்தானையின் பாவு நூல்களை உடலின் பாவு நூல்களுடன் இணைப்பது பிட்னி எனப்படும்.

இன்று விற்கப்படும் எல்லாப் பட்டுப் புடவைகளும் கோர்வை நெசவு அல்ல. ஒரே ஊடை நூல் கரை வரை ஓடினால், கரையின் நிறத்தில் உடலின் நிறமும் கலந்து தெரியும். துணியின் பின்புறத்தைப் பார்த்து இவ்வேறுபாட்டை அறியலாம்.

சரிகை

அசல் சரிகை என்பது பட்டு இழையின் மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசியதாகும். சூரத்து நகரம் சரிகை உற்பத்தியில் முதன்மையானது. தமிழ்நாடு அரசின் தமிழ்நாடு சரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் இயங்குகின்றது. விலை குறைந்த புடவைகளில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ, உலோகப் பூச்சுடைய பாலியெசுட்டர் இழையோ பயன்படுகின்றது. பழைய அசல் சரிகைப் புடவைகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காக வணிகர்கள் விலைக்கு வாங்குகின்றனர். போலிச் சரிகைக்கு இம்மதிப்பு இல்லை.

தெரிவு செய்தல்

ஓரத்திலிருந்து எடுத்த சில நூல்களை எரித்துப் பார்ப்பது எளிய சோதனையாகும். பட்டு மெதுவாக எரிந்து, மயிர் கருகும் மணத்துடன், விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெசுட்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ரேயானும் பருத்தியும் காகிதம் எரியும் மணம் தரும். பாவு, ஊடை இரண்டிலிருந்தும் நூல் எடுத்துச் சோதித்தல் வேண்டும். ஒன்று மட்டும் பட்டாக இருக்கக்கூடும்.

நடுவண் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004 இல் அறிமுகமான பட்டுக் குறி நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே உறுதியளிக்கும். சரிகையின் தரத்தை அது கூறாது. கைத்தறி நெசவு என்பதற்கு 2006 இல் வந்த கைத்தறிக் குறி தனியாக உள்ளது. சரிகையில் உள்ள உலோகங்களை எக்சு-கதிர் ஒளிர்வுக் கருவியால் துணிக்குச் சேதமின்றி அளக்கலாம். வாங்கும்போது சரிகையின் வகையை விலைச்சீட்டில் எழுதிப் பெறுவது நன்று.

திருமணத்துக்குப் பின் மீண்டும் மீண்டும் உடுத்த எண்ணுவோருக்கு மென்பட்டும் பட்டுப்பருத்தியும் பொருந்தும். வரவு செலவுக்குள் அடங்காதபோது, போலிச் சரிகை மிகுந்த அகலக் கரைப் புடவையைவிட, சரிகை குறைந்த தூய பட்டு நீடித்த பயன் தரும்.

கொல்லாமை

கூட்டுப்புழுவைக் கொன்றே நீண்ட பட்டிழை எடுக்கப்படுகின்றது. இக்காரணத்தால் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி பட்டைத் தவிர்க்குமாறு வலியுறுத்தினார். அந்துப்பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கப்படுவது அகிம்சைப் பட்டு எனப்படும். இழை அறுபட்டிருப்பதால் இதன் பளபளப்புக் குறைவு.

நெசவாளர் நிலை

பிரியதர்சன் இயக்கிய "காஞ்சிவரம்" (2008) திரைப்படம், மகளுக்குப் பட்டுப் புடவை உடுத்தி மணமுடிக்க விரும்பும் நெசவாளர் ஒருவரின் கதையாகும். இது சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அமைந்துள்ள திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் தருகின்றன. நெசவாளருக்கோ நெய்த புடவைக்கு மட்டுமே கூலி கிடைக்கின்றது. இதனால் நெசவாளர் குடும்பத்து இளைஞர் பலர் தறியை விட்டு விலகியுள்ளனர். இருவர் உழைப்பும் நீண்ட பயிற்சியும் வேண்டும் கோர்வை நெசவு இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றது. விசைத்தறித் துணி கைத்தறிப் பட்டு என விற்கப்படும்போது, வாங்குபவர் இழப்பது பணத்தை. நெசவாளர் இழப்பது பல நாள் வேலையை.

இவற்றையும் பார்க்கவும்

* காஞ்சிபுரம் பட்டு
* கைத்தறி
* சரிகை
* புவிசார் குறியீடு