மாட வீதியில் ஒரு வீடு

சித்தூரில் வளர்ந்த எனக்குத் திருமலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மாட வீதியில் இருந்த ஒரு வீட்டுத் திண்ணை. அப்பாவுக்குப் பழக்கமான கைங்கர்யபரர் ஒருவர் அங்கே குடியிருந்தார். மார்கழிக் குளிரில் அந்த மாமி எங்களுக்கு வெந்நீர் போட்டுத் தருவார். இன்று அந்த வீடும் இல்லை, அந்த வரிசையும் இல்லை.

1843 முதல் ஹாதீராம்ஜி மடத்து மஹந்துகளிடம் இருந்த நிர்வாகம், 1932-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டப்படி, 1933-ல் தேவஸ்தானக் கமிட்டிக்கு வந்தது. 1944-ல் முதல் மலைப்பாதை, 1974-ல் இரண்டாவது. பஸ் ஏற ஏறக் கூட்டமும் ஏறிற்று. பிரம்மோத்ஸவத்தில் அந்தக் குறுகிய வீதிகளில் மூச்சுத் திணறியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் பிளான் வந்தது; வீடுகளும் கடைகளும் கட்டம் கட்டமாக அகற்றப்பட்டன.

அதிகாரிகளுக்கு இருந்தது ஜனங்களின் பாதுகாப்பைப் பற்றிய கவலை. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். கடைக்காரருக்குப் பிழைப்பு. குடியிருந்தவர்களுக்கோ நஷ்ட ஈட்டில் அடங்காத ஒன்று: விடியற்காலை சுப்ரபாதத்துக்கு வாசலிலிருந்து நாலடி நடந்தால் சந்நிதி. பரம்பரை அர்ச்சகர்களுக்கு இதோடு இன்னொரு அடியும் விழுந்தது. அவர்களுடைய மிராசு உரிமையை 1987-ல் ஆந்திர அரசின் சட்டம் எடுத்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

இதில் நம் பங்கு என்ன? சென்னை, மும்பை, டெல்லி என்று பல ஊர்களிலிருந்து போய்வரும் நாம் 'க்யூ நகரவில்லை, ரூம் கிடைக்கவில்லை' என்றுதான் முறையிட்டோம். விசாலமான வீதியை நாமும்தான் கேட்டோம். யார் வீட்டை எடுத்து என்று கேட்கவில்லை. 2003-ல் கோயிலுக்கு எதிரே இருந்த ஆயிரங்கால் மண்டபத்தை இடித்தபோதுதான் பலருக்கு விழிப்பு வந்தது. விஜயநகர காலத்துக் கல்தூண்களுக்காகக் குரல் எழுந்தது, நியாயம்தான். அதற்கு முன்பே ஓடும் மரமுமாகச் சரிந்த வீடுகளுக்காக நம்மில் யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் பேசவில்லை.

பின்னொரு பிரம்மோத்ஸவத்தில் அந்தத் திண்ணை இருந்த இடத்தைத் தேடினேன். அடையாளம் தெரியவில்லை. கேலரிப் படியில் உட்கார்ந்து கருட சேவையைப் பார்த்தேன். நெரிசல் இல்லை, எதுவும் மறைக்கவில்லை, திவ்யமான சேவை.