காலை எடுக்காதே

போன ஜனவரியில் கனடாவின் எட்மன்டனிலிருந்து கல்லூரி நண்பன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பல வருட ஆசையில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அவன் வீட்டெதிரே, நம்மூர் வேகத்தடையைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு மேட்டில் ஏற முடியாமல் நிற்கிறது. பின்சக்கரங்கள் மட்டும் பனியில் சுழன்றுகொண்டே இருக்கின்றன. பின்னாலிருந்து அவன் மனைவி தள்ளுகிறார். கீழே ஒரு வரி: "பின்னாடி ரெண்டு மூட்டை மணல் வைக்கச் சொல்றாங்கடா."

அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஜவ்வாது மலைதான் ஞாபகம் வந்தது. அங்கே பனி விழாது. மார்கழியில் மூடுபனி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கொல்லைகளிலிருந்து ஏறிவரும் டிராக்டர்கள் தார் ரோட்டில் செம்மண்ணை அப்பிவிட்டுப் போகும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், எட்மன்டனும் ஆலங்காயமும் ஒன்றுதான்.

என் மாமா திருப்பத்தூரில் வாடகை அம்பாசிடர் ஓட்டியவர். ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் பாதை அவருக்கு மனப்பாடம். 1986இல் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்த பிறகு சவாரிக்குக் குறைவில்லை. மழைக்காலம் வந்தால் டிக்கியில் இரண்டு மூட்டை சாமை ஏற்றிவிடுவார், அதுவும் பின்சீட்டை ஒட்டினாற்போல. சின்ன வயதில் அது வியாபாரம் என்றே நினைத்திருந்தேன். அந்த மூட்டைகள் விற்கப்படவே இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கொஞ்சம் இயந்திரவியல் பார்த்துவிடுவோம். அம்பாசிடரில் இன்ஜின் முன்னால், இயக்கும் சக்கரம் பின்னால். எடை உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறு. காய்ந்த தாரில் டயரின் உராய்வுக் கெழு சுமார் 0.7, 0.8 இருக்கும். நனைந்தால் 0.5 அளவுக்கு இறங்கும். இறுகிய பனியில் 0.2தான். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்வதால் பின்சக்கரத்துக்கு அது லாபம். நண்பனின் கார் அந்தச் சின்ன மேட்டில்கூட ஏறாததற்குக் காரணம், கோடைக்கான டயர். ஏழு டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விறைத்துவிடும்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது எடை முன்னால் போய்விடுகிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இரண்டாவது கியரில் இறங்குகிறோம், திடீரென ஒரு வளைவு. பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கிறோம். இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் விழுவது ஏற்கெனவே இலேசாகிவிட்ட பின்சக்கரங்களின்மேல். வண்டியின் வால் வெளியே வீசும். இங்கே வண்டியைச் சுற்றவைப்பது வேகம் அல்ல. நிதானமானவர் என்று பெயரெடுத்தவர்கூட பதறிக் காலை எடுக்கும் அந்த அரை நொடி.

இதை நம்மூர்க்காரர்கள் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சென்னையில் தயாரித்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான். அதே சேஸியைக் குறுக்கித்தான் 1962இல் அங்கே ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் கோயிலுக்குப் போய்வந்த ஹெரால்டு, ஒரு பந்தயக் குதிரையின் ஒன்றுவிட்ட அண்ணன். அதன் பின் அச்சு ஊஞ்சல் மாதிரி தனித்தனியே ஆடும். வளைவில் காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்னால் வந்த கெஸலில் அந்த அச்சையே மாற்றிவிட்டார்கள்.

பின்சக்கர யுகம் முடிந்தது எப்போது என்று கேட்டால் நான் 1983 என்பேன். அந்த ஜனவரியில் மான்டி கார்லோ ராலியில், நான்கு சக்கரமும் இயங்கும் ஆடி குவாட்ரோவை, பின்சக்கரம் மட்டுமே இயங்கும் லான்சியா 037 தோற்கடித்தது. ஓட்டியவர் வால்டர் ரோல். அந்த வருடம் மலைப்பாதைகளில் பனி குறைவு. உலக ராலி தயாரிப்பாளர் பட்டத்தையும் லான்சியாவே வென்றது. பின்சக்கரக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி. மறுவருடம் பனி கொட்டியது. முதல் மூன்று இடமும் ஆடிக்கு. முதலில் வந்தவர் அதே வால்டர் ரோல், இந்த முறை குவாட்ரோவில். திறமை அதே திறமைதான், சக்கரம்தான் மாறியிருந்தது.

அதே 1983, டிசம்பர் 14. முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி இன்ஜின், முன்சக்கரங்களுக்கு மேலேயே குறுக்காக உட்கார்ந்திருந்தது. எடை இருந்த இடத்திலேயே வேலையும் நடந்தது. அதில் பயந்து காலை எடுத்தால், பெரும்பாலும் வண்டியின் மூக்கு வளைவுக்குள் திரும்பும், அவ்வளவுதான். பதற்றத்தை மன்னிக்கிற கார். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்த நம் தலைமுறைக்குக் காலைப் பற்றிய அந்தப் பயமே இல்லாமல் போனது.

மாமாவுக்கு அந்த மன்னிப்பு கிடைக்கவில்லை. 1993, கார்த்திகை மாதம். ஜமுனாமரத்தூரிலிருந்து பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கு இறங்கினார். ஒரு வளைவில் எதிரே ஒரு மாடு. வண்டி பாதி சுற்றி மலைப்பக்கச் சுவரில் மோதி நின்றது. பள்ளம் மறுபக்கம். பின்னால் வந்த லாரியில் ஏற்றி அனுப்பியதில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "குடிச்சிட்டு ஓட்டியிருப்பான்" என்றார் வண்டி முதலாளி. மாமா குடிப்பவரே அல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு ஊருக்குள் தங்கிவிட்டது. ஆறு மாதம் சாவி கிடைக்கவில்லை. அத்தையின் தோடு அடகுக்குப் போனது.

நண்பனின் வீடியோவுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அம்புக்குறி, எடை, கோணம் எல்லாம் போட்டு விளக்கினேன். "வேகமும் இல்ல, குடியும் இல்ல மாமா. நீங்க காலை எடுத்தீங்க, அவ்வளவுதான். யாரா இருந்தாலும் எடுத்திருப்பாங்க."

மாமா பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அது எனக்கு அன்னிக்கு ராத்திரியே தெரியும்பா. அதுக்கப்புறம்தானே மூட்டை வெச்சேன்" என்றார்.

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"காலை எடுத்தேன்னு சொன்னா, பயந்தேன்னு அர்த்தம். டிரைவர் பயந்தான்னா அப்புறம் எவன் சாவி குடுப்பான்? குடிச்சான்னு சொன்னாக்கூட ஆறு மாசத்துல மறந்துடுவாங்க."

பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த முதலாளி இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.