வாசலுக்கு எட்டும் பறவைகள்: கண்டமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து

1. களம்

கண்டமங்கலத்துக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில் ஊசுட்டேரி. ஏரியில் தத்தம் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008இலும் தமிழ்நாடு அரசு 2015இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. கழுவெளி 2021இல் சரணாலயமானது. இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்றால் எந்தெந்தப் பறவை வந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஒரு பறவை எப்படி வாழ்கிறது என்பது தெரிய, அது நாள்தோறும் கண்ணில் பட வேண்டும். அந்த வாய்ப்பு வீட்டைச் சுற்றித்தான் கிடைக்கிறது. வீட்டருகே நாள்தோறும் பார்க்கும் மகிழ்ச்சியே பெரிது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் செல்போர்ன் என்னும் ஒரே ஊரைப் பார்த்து எழுதிய நூல் 1789இல் வந்தது. உருவத்தில் ஒன்றுபோலவே இருந்த மூன்று கதிர்க்குருவிகளை அவர் குரலைக் கேட்டே பிரித்தறிந்தார். நம்மிடையே மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகத்தையும் மைனாவையும் எழுதினார்.

2. உடன் வாழ்பவை

முருங்கையடிச் சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே திரியும். குஞ்சு பொரித்தால் பெற்றோர் மட்டுமன்றிக் கூட்டத்தின் பிற பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். சுடலைக்குயில் அந்தக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதும் உண்டு. வேலியோரச் செம்போத்து, மின்கம்பியில் கரிச்சான், கிணற்றுமேட்டில் மீன்கொத்தி எல்லாம் தனித்தனியே எழுதத் தகுந்தவை.

3. தூக்கணாங்குருவி

இவ்வட்டாரத்துக்கே உரிய பாடநூல் என்று தூக்கணாங்குருவியைச் சொல்வேன். நெல், கரும்பு, பனை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. இலை விளிம்பைக் கடித்து, நீள நாராகக் கிழித்துக்கொண்டு ஆண்குருவி பறக்கிறது. கூடு முழுதாக ஏறத்தாழ 18 நாள் ஆகும். பாதிக் கூடு, தொங்கும் தலைக்கவசம் போன்ற நிலையை எட்ட 8 நாள். அந்த நிலையில்தான் பெண்குருவி வந்து சோதிக்கும். பிடித்தால் ஆண் மீதியை முடித்து நுழைவுக்குழலைத் தொங்கவிடும். பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே நின்றுவிடும். ஒரு பெண்ணைக் குடியமர்த்திய கையோடு ஆண் அடுத்த கூட்டைப் பின்னத் தொடங்குவதை, 1930இல் கிஹிம் கடற்கரை ஊரில் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தே பறவையியலாளர் சாலிம் அலி விளக்கினார். உள்சுவரில் அப்பியிருக்கும் ஈரக் களிமண்ணை நாமும் பார்க்கலாம். மின்மினியை ஒட்டி விளக்கேற்றுகிறது என்று ஊரில் சொல்வது அந்த மண்ணை வைத்துத்தான்.

கண்மாய்க்கோ காட்டுக்கோ போகாமல், கிணற்றுமேட்டில் நின்றே இத்தனையும் காணலாம்.

4. பனை

பனை உழவாரன் தொங்கும் பனையோலையின் அடியில் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடமைக்கிறது. முட்டையையும் ஒட்டியே வைக்கிறது. காய்ந்த ஓலைகளை முற்றாகக் கழித்துவிட்டால் அதற்கு இடமில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது. நல்ல முடிவு. ஓலையில் கொஞ்சத்தை விட்டுவைப்பது மரத்துக்கு உரியவர் கையில் இருக்கிறது.

5. குறிப்பேடு

குளிர்காலத்தில் தகைவிலானும் வாலாட்டியும் வடக்கிலிருந்து வருகின்றன. முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள் இரண்டையும் குறித்தாலே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், வீட்டு மொட்டைமாடியில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். கண்டமங்கலத்துத் தெருக்களிலிருந்து அப்படிப்பட்ட பட்டியல்கள் நிறைய வர வேண்டும். காகம், மைனா உட்பட.