வால்வெள்ளியின் மீள்வருகை

வானிலே திடீரெனத் தோன்றும் வால்வெள்ளியை, அரசர்க்கு அழிவும் நாட்டிற்குக் கேடும் அறிவிக்குந் தீக்குறியாகவே பண்டை மக்கள் பலரும் கொண்டனர். கோள்களின் செலவு கணித்தற்குரியது. வால்வெள்ளியின் செலவோ கணிப்பிற்கு அடங்காதது என்பது நெடுங்காலக் கொள்கை. அக்கொள்கை வீழ்ந்த வரலாற்றில் 1758, 1759 ஆகிய ஆண்டுகள் தலையாய இடம் பெறுவன.

ஆங்கில வானியலறிஞர் எட்மண்ட் ஹலி, 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்வெள்ளிகளின் பாதைகள் பெரிதும் ஒத்திருத்தலைக் கண்டு, அவை மூன்றும் ஒன்றே எனத் துணிந்தார். அது 1758இல் மீளுமென 1705இல் எழுதினார். ஆயினும், ஓர் இடர்ப்பாடு இருந்தது. முதற் சுற்றுக்கு 76 ஆண்டிற்குச் சிறிது கூடுதலாகவும், அடுத்த சுற்றுக்கு 75 ஆண்டிற்குச் சிறிது குறைவாகவும் காலஞ் சென்றிருந்தது. ஒரே வால்வெள்ளியாயின் இவ்வேறுபாடு ஏன்? வியாழனின் ஈர்ப்பே காரணமாகலாமென ஹலி கருதினார். தம் கூற்று மெய்ப்படுமுன்னரே, 1742இல் அவர் மறைந்தார்.

அவ்வீர்ப்பின் விளைவை நியூற்றனின் விதிப்படி அளந்து கூறும் பணியைப் பிரான்சிலே கிளெரோ, லலாந்து, நிக்கோல் ரேன் லெப்போத் அம்மையார் ஆகிய மூவரும் மேற்கொண்டனர். காலை முதல் இரவு வரை, சிலபோது உணவருந்தும் வேளையிலும், ஆறு திங்களாகக் கணக்கிட்டதாக லலாந்து குறித்துள்ளார். முந்திய சுற்றினும் வியாழனால் 518 நாளும் சனியால் 100 நாளும் வால்வெள்ளி தாமதிக்கும் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆகவே அது 1759 ஏப்பிரல் நடுப்பகுதியில் ஞாயிற்றை மிக அணுகும் என்றும், ஒரு திங்கள் வரை பிழை நேரலாம் என்றும், 1758 நவம்பர் 14இல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் கிளெரோ அறிவித்தார்.

அவ்வாண்டு திசெம்பர் 25ஆம் நாளிரவு, செருமனியின் திரெசுடன் நகரருகே வாழ்ந்த பாலிட்சு என்னும் உழவர், தம் தொலைகாட்டியில் அதனை முதன்முதற் கண்டார். அது ஞாயிற்றை மிக அணுகிய நாள் 1759 மார்ச்சு 13. கணிப்பிற்கும் காட்சிக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ ஒரு திங்களே. யுரேனசு 1781இலும் நெப்தியூன் 1846இலுமே கண்டறியப்பட்டன என்பதை எண்ணுவார்க்கு இச்சிறு பிழை குறையாகத் தோன்றாது.

வால்வெள்ளி ஹலியின் பெயரைப் பெற்றது. கிளெரோவோ 1760இல் வெளியிட்ட தம் நூலில் லெப்போத் அம்மையாரின் உழைப்பைக் கூறாது விட்டார். லலாந்து எழுதி வைத்தமையாலேயே அவர் பங்கு மறையாது நின்றது. 1835, 1910, 1986 ஆகிய ஆண்டுகளில் வந்துபோன அவ்வால்வெள்ளி, 2061இல் மீண்டும் வரும். அதனைக் காணவிருக்கும் இளைய தலைமுறையினர், முன்னறிந்து கூறியவரோடு, கணக்கிட்டுத் தந்தவரையும் நினைவுகூர்தல் தகும்.